டயாலிசிஸ் ஆரம்பிச்ச முதல் மாசம்: தண்ணி, உப்பு, ஒரு நோட்டு

தங்கச்சி, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். அப்பாவுக்கு 58 வயசு, இருபது வருஷமா சுகர், கிரியாட்டினின் 9 தாண்டி கழுத்துல டியூப் போட்டு டயாலிசிஸ் ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆச்சு, நீங்க ஒரே பொண்ணு, வேலைக்கும் போறீங்க, அம்மாவுக்கு முட்டி வலி. என்ன சமைக்கிறது, செலவுக்கு என்ன வழி, சொந்தக்காரங்க சொல்ற கஷாயம் கொடுக்கலாமா, கிட்னி மாத்தலாமான்னு கேட்டுட்டு கடைசியா ஒரே ஒரு வரி போட்டிருக்கீங்க, அப்பா "போதும்மா, விட்டுடு"ங்கிறார்னு. அந்த வரிக்கு நானும் கடைசில தான் வருவேன், ஏன்னா மத்ததெல்லாம் தெரியாம அதுக்கு பதில் சொல்ல முடியாது.

நான் டாக்டர் இல்ல. திருச்சில எங்க வீட்டுக்காரர வாரத்துக்கு ரெண்டு மூணு தடவன்னு ஆறு வருஷம் டயாலிசிஸுக்கு கூட்டிட்டு போனவ, அவ்வளவு தான் என் படிப்பு. அவர் லாரி மெக்கானிக். எந்த மாத்திரை எத்தனை மில்லிங்கிறத உங்க நெஃப்ராலஜி டாக்டர் தான் சொல்லணும், நான் சொல்றது வீட்டுக்குள்ள நடக்கிற சமாச்சாரம்.

முதல்ல ஒரு கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல கிட்னி 168 மணி நேரமும் வேல செய்யுது. மெஷின் 4 மணி நேரம் வீதம் மூணு தடவ, 12 மணி நேரம். மீதி 156 மணி நேரம் ரத்தத்துல சேர்ற தண்ணி, உப்பு, பொட்டாசியம் எல்லாத்துக்கும் வீடு தான் பொறுப்பு. (அதே 156 தான் வருஷத்துக்கு எத்தனை தடவ போகணும்ங்கிற கணக்கும், 52 வாரம், மூணு தடவ. எங்க வீட்டுக்காரர் இத கண்டுபிடிச்சிட்டு ஒரு வாரம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு திரிஞ்சார்.) காசு பத்தாம ரெண்டு தடவையா குறைக்கிறவங்க நிறைய பேர், நாங்களும் முதல் வருஷம் அப்படித்தான் இருந்தோம், ஆனா மூத்திரம் நல்லா போறவங்களுக்கு டாக்டரே ரெண்டு போதும்னு சொல்றது வேற, நாமளா குறைக்கிறது வேற. அப்பாவுக்கு எதுன்னு நேராவே கேட்டுடுங்க. வாரத்துல ரெண்டு நாள் தொடர்ந்து கேப் விழும் பாருங்க, சனிக்கிழமை முடிச்சா அடுத்தது செவ்வாய்ங்கிற மாதிரி, அந்த கேப்புக்கு அப்புறம் வர்ற நாள்ல தான் ஹார்ட் பிரச்சனை, மூச்சு திணறல் எல்லாம் அதிகமா வரும். ஞாயித்துக்கிழமை விருந்து நம்ம ஊர் வழக்கம், கேப்பும் பெரும்பாலும் அன்னைக்கு தான் விழுது, என்ன பண்றது.

தண்ணிய பத்தி சொல்றேன், ஏன்னா சண்ட எல்லாம் இதுல தான் வரும். பொதுவா டாக்டர் சொல்ற கணக்கு, முந்தின நாள் எவ்வளவு மூத்திரம் போச்சோ அதோட ஒரு 500 மில்லி. மூத்திரமே இல்லாதவங்களுக்கு மொத்தமா அரை லிட்டர் முக்கா லிட்டர் தான். இதுல காபி, ரசம், மோர், கஞ்சி, மாத்திரை போட குடிக்கிற தண்ணி எல்லாம் அடக்கம், "தண்ணியே குடிக்கலம்மா"ன்னுட்டு ரெண்டு கரண்டி ரசத்த ஊத்தி பெசஞ்சு சாப்பிடுவாங்க. ஒரு லிட்டர் உள்ள போச்சுன்னா வெயிட் ஒரு கிலோ ஏறும், அவ்வளவு சிம்பிள். அதனால காலைல பாத்ரூம் போயிட்டு வந்ததும் ஒரே வெயிட் மெஷின்ல, ஒரே மாதிரி துணில வெயிட் பாருங்க. உடம்புல அதிகப்படி தண்ணி இல்லாம இருக்கிற எடைக்கு ட்ரை வெயிட்னு பேரு, அத சென்டர்ல கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவுல ரெண்டு, ரெண்டரை கிலோக்குள்ள நின்னா மெஷின் நிதானமா இழுக்கும். நாலு கிலோ ஏத்திட்டு போனா நாலு மணி நேரத்துல நாலு லிட்டர் இழுக்கணும், பி.பி. இறங்கி, கெண்டைக்கால் பிடிச்சு, வாந்தி எடுத்து, அன்னைக்கு பூரா மனுஷன் துணி பிழிஞ்சு போட்ட மாதிரி கிடப்பார்.

ஒரு வழி சொல்றேன், எங்களுக்கு உதவுச்சு. காலைல அவருக்கு உண்டான அளவு தண்ணிய ஒரு பாட்டில்ல பிடிச்சு வெச்சிடணும். காபி குடிச்சா அதே அளவு தண்ணிய பாட்டில்ல இருந்து எடுத்து செடிக்கு ஊத்திடணும். பாட்டில் காலியானா அன்னைக்கு கோட்டா முடிஞ்சது. சின்ன டம்ளரா வாங்குங்க. வெயில் காலத்துல ஐஸ் கட்டி ஒண்ண வாயில போட்டு ஒதுக்கிக்கலாம், அதுவும் கணக்குல வரும் ஆனா ரொம்ப நேரம் நிக்கும். ஆனா பாட்டில விட முக்கியம் உப்பு. தாகம் வர்றதே உப்பால தான். ஊறுகாய், அப்பளம், வத்தல், கருவாடு, கடை மிக்சர், இதெல்லாம் வீட்டுல இருந்தா தண்ணிய மட்டும் குறைக்க சொல்றது அநியாயம். சுகர் ஏறினாலும் தாகம் எடுக்கும், உங்க அப்பாவுக்கு அதையும் பாக்கணும். அப்புறம் தயவு செஞ்சு உப்பு கம்மின்னு விக்கிற லோ சோடியம் உப்ப வாங்கிடாதீங்க, சோடியத்துக்கு பதிலா அதுல கலக்கிறது பொட்டாசியம் குளோரைடு, டயாலிசிஸ்காரங்களுக்கு அது விஷம். இந்துப்பு நல்லதுன்னு ஒரு கூட்டம் சொல்லும், அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் தான், கலரு தான் வேற.

பொட்டாசியம். ரத்தத்துல 3.5ல இருந்து 5 வரைக்கும் தான் சரியான அளவு, 6 தாண்டினா பயப்படணும், ஏன்னா அது நேரா இதயத்துடிப்புல கை வைக்கும், முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாமலே கூட. நாம நல்லதுன்னு நெனச்சு நோயாளிக்கு கொடுக்கிற எல்லாத்துலயும் இது தான் இருக்கு, அது தான் கொடுமை. இளநீர் ஒரு டம்ளர்லயே 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கும். வாழைப்பழம், ஆரஞ்சு, சாத்துக்குடி ஜூஸ், தக்காளி, முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு, தேங்காய்ப்பால், புளி, பேரீச்சம்பழம். ஆஸ்பத்திரிக்கு பாக்க வர்றவங்க கைல எது இருக்கும்னு யோசிச்சு பாருங்க. எங்க மச்சினர் ஒரு தார் பழத்தோட வந்தார்.

சமையல்ல பெருசா ஒண்ணும் மாறாது, ஒரு வேல தான் கூடும். காய சின்னதா நறுக்கி, நிறைய தண்ணில வேக வெச்சு, அந்த தண்ணிய வடிச்சு கொட்டிட்டு அப்புறம் தாளிக்கணும். பொட்டாசியம் தண்ணில கரையும், பாதிக்கு மேல அதோட போயிடும்னு எங்க டயட்டீஷியன் சொன்னாங்க. சோறையும் குக்கர்ல வைக்காம வடிச்ச சோறா வைங்க, கஞ்சித்தண்ணி அவருக்கு வேண்டாம். சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கோவக்காய், முட்டைக்கோஸ் இதெல்லாம் நல்லது. பழம்னா ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி, அதுவும் ஒரு சின்ன கிண்ணம். நட்சத்திரப் பழம்னு ஒண்ணு வரும் பாருங்க, அஞ்சு முனை இருக்கும், புளிப்பா, அத கிட்னி போனவங்க தொடவே கூடாது, மூளைய தாக்கும், விக்கல்ல ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போகும். ஆளுக்கு ஒரு சாம்பார் தனியா செய்ய முடியாது தான், நான் காய எல்லாருக்கும் சேர்த்தே வடிச்சிட்டு, அவர் பங்க எடுத்து வெச்ச அப்புறம் தான் மீதில உப்பும் புளியும் சேர்ப்பேன். பிள்ளைங்க ஒரு மாசம் முணுமுணுத்துச்சுங்க, அப்புறம் பழகிடுச்சு.

இங்க நிறைய பேர் ஒரு தப்பு பண்றாங்க. டயாலிசிஸுக்கு முன்னாடி "புரோட்டீன் குறைங்க"ன்னு டாக்டர் சொல்லியிருப்பார், அது மனசுல ஒட்டிக்கும். டயாலிசிஸ் ஆரம்பிச்ச பிறகு அது தலைகீழ். மெஷின் கெட்டதோட சேர்த்து நல்லதையும் இழுத்துட்டு போகுது, அதனால எடைல ஒரு கிலோவுக்கு ஒரு கிராம்ல இருந்து 1.2 கிராம் வரைக்கும் புரோட்டீன் வேணும். முட்டை வெள்ளைக்கரு ரெண்டு மூணு, மீனு, கோழி. சைவம்னா கொஞ்சம் கஷ்டம், பருப்பு, பனீர் எவ்வளவுன்னு டயட்டீஷியன கேட்டு தான் கொடுக்கணும். ஒண்ணும் கொடுக்காம பத்தியம் வெச்சே ஆள உருக்கிடுவாங்க, அப்புறம் "கிரியாட்டினின் குறைஞ்சிருக்கு"ன்னு சந்தோஷப்படுவாங்க. கிரியாட்டினின் சதைல இருந்து வர்றது, சதை கரைஞ்சா அதுவும் குறையும், டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு அது நல்ல சேதி இல்ல.

பாஸ்பரஸ் பத்தி சுருக்கமா. பால், தயிர், நிலக்கடலை, கோலா. அதிகமானா ராத்திரி பூரா அரிக்கும், எலும்பும் கெடும். அதுக்கு ஒரு மாத்திரை கொடுப்பாங்க, அத சாப்பாட்டோட சேர்த்து தான் போடணும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு போட்டா குப்பைல போட்ட மாதிரி தான். சுகர் மருந்து விஷயமும் கேளுங்க. கிட்னி போனா இன்சுலின் உடம்புல ரொம்ப நேரம் தங்கும், பழைய அளவே போட்டா லோ சுகர் ஆகி மயங்கிடுவாங்க. "சுகர் தானா குறைஞ்சிடுச்சு, கஷாயம் வேல செய்யுது"ன்னு எங்க வீட்டுல ஒரு பெரியம்மா சொன்னாங்க, உண்மைல அது கிட்னி முழுசா படுத்துட்டதுக்கு அடையாளம். மெட்ஃபார்மின் மாத்திரை பழைய டப்பால இன்னும் இருந்தா எடுத்துடுங்க. முட்டி வலிக்கு அம்மா போடுற வலி மாத்திரைய அப்பா கேட்டாலும் கொடுக்காதீங்க.

கஷாயம்னதும் அதையும் முடிச்சிடறேன். மூக்கிரட்டை, நெருஞ்சில், சிறுபீளைன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நான் சித்த மருந்த குறை சொல்ற ஆள் இல்ல, எங்க அப்பாவே நாட்டு வைத்தியம் பாத்தவர். ஆனா ஒண்ணு யோசிங்க. இலைய கொதிக்க வெச்சா பொட்டாசியம் தண்ணிக்கு வந்துடும்னு தான் நாம காய வடிச்சு கொட்டுறோம். கஷாயம்னா அந்த கொட்டுற தண்ணி தான். அதத்தான் மூணு வேளை குடிக்க சொல்றாங்க. அதுவும் தண்ணியையே அளந்து குடிக்கிற மனுஷன. எங்களுக்கு இது புரியறதுக்கு முன்னாடி ஒரு வாரம் கொடுத்தோம், பொட்டாசியம் 6.8 வந்துச்சு, ராத்திரியோட ராத்திரியா மெஷின்ல போட்டாங்க. மறுநாள் டாக்டர் என்ன ஒண்ணும் திட்டல, ஈசிஜி பேப்பர மட்டும் காட்டினார்.

கழுத்து டியூப் பத்தி நீங்க கேக்கவே இல்ல, ஆனா எனக்கு இப்ப அது தான் பெரிய கவலை. அந்த கதீட்டர் நேரா இதயத்துக்கு போற பெரிய ரத்தக்குழாய்ல கிடக்கு. கட்டு நனையக் கூடாது, தலைக்கு ஊத்தக் கூடாது, சென்டர்ல திறக்கும்போது அவங்களும் அப்பாவும் மாஸ்க் போடணும், போடலைன்னா கேளுங்க, முகத்த சுளிச்சா சுளிக்கட்டும். காய்ச்சலோட குளிர் நடுக்கம் வந்தா, குறிப்பா மெஷின்ல போட்டு அரை மணி ஒரு மணி நேரத்துல வந்தா, அது டியூப் இன்ஃபெக்ஷனா இருக்கலாம், பாராசிட்டமால் போட்டு வீட்டுல படுக்க வைக்காதீங்க, அன்னைக்கே ரத்தம் எடுத்து, கிருமி இருக்கான்னு பாக்க கல்ச்சருக்கு அனுப்பணும்.

அதனால சீக்கிரமா கைல ஃபிஸ்டுலா போட ஏற்பாடு பண்ணுங்க. கைல ஓடுற ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்து தைக்கிற சின்ன ஆபரேஷன். அது தேறி ஊசி குத்துற அளவுக்கு வர ஆறு எட்டு வாரம் ஆகும், சுகர்காரங்களுக்கு இன்னும் கூட ஆகலாம், அதனால தான் இன்னைக்கே கேக்க சொல்றேன். 1940கள்ல கோல்ஃப்ங்கிற டச்சு டாக்டர் முதல் மெஷின செஞ்சப்போ ஒவ்வொரு தடவையும் ஒரு ரத்தக்குழாய வீணடிக்க வேண்டியிருந்துச்சாம், 1966ல நியூயார்க்ல இந்த ஃபிஸ்டுலாவ கொண்டு வந்த பிறகு தான் வருஷக்கணக்கா டயாலிசிஸ் பண்றதே லேசாச்சு. எங்க டெக்னீஷியன் தம்பி சொன்ன கதை இது, ஒரு தடவைக்கு 120 லிட்டர் மருந்துத்தண்ணி ஃபில்டர்ல ஓடுதுன்னும் அவன் தான் சொன்னான், அத கேட்டுட்டு எங்க வீட்டுக்காரர் "120 லிட்டர் ஓடுது, எனக்கு அரை லிட்டரா"ன்னார்.

ஃபிஸ்டுலா மேல விரல் வெச்சா ஒரு அதிர்வு தெரியும். தினமும் காலைலயும் ராத்திரியும் தொட்டு பாக்கணும், அதிர்வு நின்னா ரத்தம் கட்டிடுச்சுன்னு அர்த்தம், உடனே ஓடினா சில சமயம் காப்பாத்தலாம். எங்க வீட்டுக்காரர் கைய காதுகிட்ட வெச்சு கேட்டுட்டு "ஐட்லிங் சரியா இருக்கு"ம்பார். அந்த கைல பி.பி. பாக்க விடக்கூடாது, ரத்தம் எடுக்க விடக்கூடாது, வாட்ச் கட்டக்கூடாது, அந்த பக்கம் சாஞ்சு படுக்கக்கூடாது, தண்ணிக்குடம் தூக்கக்கூடாது. எங்க முதல் ஃபிஸ்டுலா போனதே ஒரு கிளினிக்ல அவசரத்துல அந்த கைலயே பி.பி. பட்டிய சுத்தி இறுக்கி, அப்படியே விட்டுட்டு யாரையோ கூப்பிட போயிட்டாங்க. அது தான் காரணம்னு யாரும் ஒத்துக்கல, ஆனா அன்னைக்கு ராத்திரி ஐட்லிங் நின்னுடுச்சு. டியூப் போடாத பக்கம், எழுதாத கை, ரெண்டுல எதுல போட போறாங்கன்னு கேட்டு, இப்பவே அந்த கைல ஊசி குத்த விடாம காப்பாத்துங்க. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாச்சான்னும் கேளுங்க, டயாலிசிஸ்காரங்களுக்கு மத்தவங்களுக்கு போடுறத விட டபுள் டோஸ், நாலு தடவ.

செலவு. நாங்க தனியார்ல ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐநூறுல இருந்து மூவாயிரம் வரைக்கும் கொடுத்திருக்கோம், அது போக ஊசி, மாத்திரை, ஆட்டோ. ஒரு வருஷத்துல என் நகை போச்சு. அப்புறம் தான் ஒருத்தர் சொல்லி முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துக்கு போனோம், அத முதல் நாளே பண்ணியிருக்கணும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும், வி.ஏ.ஓ. கிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், கலெக்டர் ஆபீஸ்ல அதுக்குன்னு இருக்கிற இடத்துல அட்டை போட்டு கொடுப்பாங்க. அட்டை இருந்தா திட்டத்துல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிலயும் டயாலிசிஸ் பண்ணிக்கலாம். உங்க சம்பளம் சேர்ந்து வருமானம் தாண்டுதுன்னா அரசு ஆஸ்பத்திரிய பாருங்க, மத்திய அரசோட தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016ல இருந்து இருக்கு, மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி வரைக்கும் மெஷின் வந்துடுச்சு. இடம் கிடைக்க காத்திருக்கணும், அதனால இப்பவே பேர கொடுத்து வைங்க. ரயில்ல டயாலிசிஸுக்கோ கிட்னி மாத்தவோ போறவங்களுக்கு ஸ்லீப்பர், தேர்டு ஏசில 75 சதவீதம் சலுகை, கூட போற ஒரு ஆளுக்கும் உண்டு, ஆஸ்பத்திரில ஃபார்ம் எழுதி வாங்கணும். நீங்க பழைய முறைல வருமான வரி கட்டினா இந்த நோய்க்கு ஆகுற மருத்துவச் செலவுன்னு 40,000 வரைக்கும் கழிச்சு காட்டலாம், அப்பாவுக்கு 60 ஆச்சுன்னா ஒரு லட்சம்.

வயித்துல டியூப் போட்டு வீட்டுலயே பண்ற சிஏபிடின்னு ஒண்ணும் இருக்கு, ஒரு தடவைக்கு ரெண்டு லிட்டர் பை, தினமும் மூணு நாலு தடவ மாத்தணும். ஊசி கிடையாது, சாப்பாட்டுக்கு கட்டுப்பாடும் கொஞ்சம் தளரும், வேலைக்கு போற வீட்டுக்கு வசதி. ஆனா கை சுத்தம் அப்படி இருக்கணும். 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல அந்த பைய வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறாங்க. உங்க அப்பாவுக்கு ஒத்து வருமான்னு கேட்டு பாருங்க, டாக்டருங்க தானா இத எடுத்து சொல்றது குறைவு.

கிட்னி மாத்தறது. வேலூர் சிஎம்சில 1971ல பண்ணினதுல இருந்து நம்ம ஊர்ல இது நடந்துட்டு தான் இருக்கு, சுகர் இருக்கேன்னு கதவ மூடிட வேண்டாம், ஹார்ட் தாங்குமான்னு பாத்து தான் முடிவு பண்ணுவாங்க. 1994 சட்டப்படி புருஷன் பொண்டாட்டி, அப்பா அம்மா, பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைங்க கொடுக்கலாம். நீங்க "நான் தரேன்"னு சொல்லியிருப்பீங்க, அப்பா கத்தியிருப்பார், சரிதானே. அத இப்ப வற்புறுத்தாதீங்க. அதே சமயம் உறுப்பு தானத்துக்காக இருக்கிற அரசு ஆணையம் டிரான்ஸ்டான் லிஸ்ட்ல ஆஸ்பத்திரி மூலமா பேர பதிஞ்சு வைங்க, வருஷக்கணக்கா ஆகலாம், ஆனா பதிஞ்ச தேதில இருந்து தான் வரிசை நகரும். எவனாவது புரோக்கர் ஃபோன் பண்ணினா கட் பண்ணுங்க, அது ஜெயில் சமாச்சாரம். மாத்திட்டா எல்லாம் முடிஞ்சதுன்னும் நினைக்காதீங்க, ஆயுசு பூரா மாத்திரை. இன்னொண்ணு, ரத்தம் குறைவுன்னு சட்டுனு ரத்தம் ஏத்த சொன்னா "மாத்தறதுக்கு பதிஞ்சிருக்கோம், ரத்தம் ஊற வைக்கிற ஊசில சமாளிக்க முடியுமா"ன்னு கேளுங்க, அடுத்தவங்க ரத்தம் ஏற ஏற உடம்புல எதிர்ப்பு சேர்ந்து பின்னால கிட்னி பொருந்தறது கஷ்டமாகும்.

இப்ப வீட்டுக்கு வரேன். முதல் வருஷம் நான் போலீஸ்காரி. டம்ளர ஒளிச்சு வெச்சேன், ஊறுகாய் ஜாடிய பீரோல வெச்சு பூட்டினேன், சாப்பிடும்போது எதிர்ல உக்காந்து எண்ணினேன். அவர் என்ன பண்ணினார் தெரியுமா, பாத்ரூம்ல போய் குழாய திறந்து குடிச்சார். எனக்கு தெரியாது. வெயிட் மட்டும் ஏறுது, 4.2 கிலோ. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு படுக்க முடியாம எழுந்து உக்காந்துட்டார், மூச்சு கொர கொரங்குது, நுரையீரல்ல தண்ணி. பக்கத்து வீட்டு பையன் ஆட்டோவ எடுத்தான். அங்க ஆக்சிஜன் மாஸ்க்குள்ள இருந்து அவர் என்ன பாத்த பார்வைல பயத்த விட வெக்கம் தான் அதிகம் இருந்துச்சு. ஐம்பது வயசு ஆம்பள, நாலு பேருக்கு வேல சொல்லி கொடுத்தவர், திருட்டுத்தனமா தண்ணி குடிக்கிற நெலமைக்கு கொண்டு வந்தது நோவு மட்டும் இல்ல, நானும் தான்.

அதுக்கு அப்புறம் ஒரு நாப்பது பக்க நோட்ட வாங்கி அவர் கைல கொடுத்தேன். வெயிட், தண்ணி, சுகர், பி.பி., எல்லாம் நீங்களே எழுதுங்க, நான் கேக்க மாட்டேன்னு. பட்டறைல ஜாப் கார்டு எழுதி பழகின மனுஷன், கோடு போட்டு கட்டம் கட்டிட்டார். ஒரு வாரம் ஒழுங்கா இல்ல. நான் வாய மூடிட்டு இருந்தது தான் என் வாழ்க்கைல நான் செஞ்ச பெரிய சாதனை. ரெண்டு மாசத்துல 2.3, 2.1ன்னு வந்துச்சு. ஊறுகாயும் முழுசா நிக்கல, டயாலிசிஸ் அன்னைக்கு மெஷின்ல போறதுக்கு முன்னாடி காலை இட்லியோட ஒரு சொட்டு தொட்டுக்கலாம்னு அவரே சட்டம் போட்டுக்கிட்டார், அதையும் நோட்டுல எழுதுவார். டாக்டர் பாத்துட்டு சிரிச்சார், அந்த வரிய அடிக்கல. உங்க அப்பா என்ன வேல பாத்தவர்னு எழுதல, எதுவா இருந்தாலும் அவருக்கு தெரிஞ்ச ஒரு கணக்கு வழக்கு இருக்கும், அந்த முறைல அத அவர் கைலயே விட்டுடுங்க. ஒரே பொண்ணு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டா அப்பாவுக்கு சும்மா உக்காந்து நோயாளியா இருக்கிறத தவிர வேற வேல இருக்காது.

உங்கள பத்தி. காலை அஞ்சு மணி முதல் ஷிஃப்ட் கிடைக்குமா பாருங்க, கொண்டு போய் விட்டுட்டு ஆபீஸ் போயிடலாம், முடிஞ்சு கூட்டிட்டு வர வேற ஆள். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு"ன்னு சொல்ற சித்தப்பா பையன்கிட்ட பொதுவா தலையாட்டாதீங்க, "வியாழக்கிழமை ஒம்போதரைக்கு நீ கூட்டிட்டு வந்துடு"ன்னு நாளும் நேரமும் சொல்லுங்க. செய்ய மாட்டேன்னா அதுவாவது தெரிஞ்சிடும். நீங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பி.பி., சுகர், யூரின் டெஸ்ட் பண்ணிக்கணும், அப்பாவுக்கு இருக்கிறது உங்க பக்கமும் வரலாம். சென்டர் வராண்டால உக்காந்திருக்கிற மத்த வீட்டு பொம்பளைங்களோட பேசுங்க, எனக்கு தெரிஞ்சதுல பாதி அங்க கத்துக்கிட்டது தான். ஒண்ண மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், திடீர்னு ஒரு நாள் ஒரு பெட் காலியா இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்க, அன்னைக்கு திரும்பி வர்ற வழில உங்க அப்பாவும் பேச மாட்டார்.

சரி, "போதும்மா, விட்டுடு".

எங்க வீட்டுக்காரர் இத ரெண்டு தடவ சொன்னார். முதல் தடவ, ஆரம்பிச்சு ரெண்டாவது மாசம். நான் அழுது, கோயிலுக்கு போய், பிள்ளைங்கள கொண்டு வந்து முன்னாடி நிறுத்தி, எல்லா கூத்தும் பண்ணினேன். டாக்டர் ஒண்ணும் பேசாம ரிப்போர்ட்ட பாத்தார், ஹீமோகுளோபின் 6.4. கிட்னி தான் ரத்தம் ஊற வைக்கிற ஹார்மோன சுரக்குது, அது போனதும் ரத்தம் இறங்கும், அதுக்கு எரித்ரோபாய்டின் ஊசியும் இரும்புச்சத்து ஊசியும் போடணும், 10, 11க்கு கொண்டு வரணும். 6.4ல இருக்கிறவனுக்கு மாடிப்படியே மலை, அவன் போதும்னு சொல்லாம என்ன சொல்வான்னார். ரெண்டு மாசம் ஊசி போட்டு 10 தொட்டதும் மனுஷன் எழுந்து பட்டறைக்கு போய் ஸ்டூல் போட்டு உக்காந்துட்டார், பையனுங்கள திட்ட ஆரம்பிச்சுட்டார். அதே மாதிரி மெஷின்ல தண்ணி ரொம்ப வேகமா இழுத்தாலும், ட்ரை வெயிட் தப்பா இருந்தாலும், தூக்கம் இல்லைன்னாலும், மனசு சரியில்லைன்னாலும் இதே வார்த்தை தான் வாயில வரும். மனசுக்கு மருந்து இருக்கு, கேக்க வெக்கப்படாதீங்க.

ரெண்டாவது தடவ சொன்னது ஆறாவது வருஷம். ஒரு கால் எடுத்தாச்சு, ஹார்ட் பம்பிங் குறைஞ்சு, மெஷின்ல போட்ட பத்து நிமிஷத்துல பி.பி. விழுது. ஹீமோகுளோபின் நல்லாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு அவர் அழல, கோவப்படல, நோட்ட மூடி மேசைல வெச்சிட்டு சொன்னார். இந்த தடவ நான் கேட்டேன். டாக்டரும், வலி நிவாரண சிகிச்சை பாக்கிற ஒரு அம்மாவும் வீட்டுக்கு வந்து பேசினாங்க, மூச்சு திணறாம இருக்க மருந்து கொடுத்தாங்க. எட்டு நாள் இருந்தார். ரெண்டாவது நாள் இளநீர் கேட்டார். வழுக்கையோட வெட்டி கொடுத்தேன், முழுசா குடிச்சார், நான் எண்ணல.

இத உங்களுக்கு இப்ப சொல்லணுமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். உங்க அப்பாவுக்கு ஒரு மாசம் தான் ஆகுது, டியூப் இன்னும் கழுத்துல இருக்கு, ஃபிஸ்டுலா போடல, சாப்பாடு என்னன்னே இன்னும் பிடிபடல. அவர் சொல்றது என் கணக்குல அந்த முதல் வகை. அடுத்த ஷிஃப்ட்டுக்கு போகும்போது ஹீமோகுளோபின் எவ்வளவு, எரித்ரோபாய்டின் ஊசி ஆரம்பிச்சாச்சா, ட்ரை வெயிட் எவ்வளவு, இந்த மூணையும் கேட்டு வந்து எழுதுங்க.